குலுங்காத சாலை

பிணத்தின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

யாரும் எடுக்கவில்லை.

திரையில் 'விஜயம்மா' என்று வந்தது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவீர்களா என்று மனைவி தினமும் கேட்கும் நேரம். கேட்க ஆள் இருந்தது... பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

செத்தவர் பெயர் தாணு. கேரள எல்லையோரத் தனுவச்சபுரத்தில் மின்சார மினி லாரி உருவாக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் தலைமை எஞ்சினியர். கம்பெனிக்குப் பின்னால், வண்டிகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் பஞ்சாயத்துச் சாலையின் கடைசியில், வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் மல்லாந்து கிடந்தார். கோட்டுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டிய லாரி, கோட்டைத் தாண்டி, அவரையும் தாண்டி, ஒரு ரப்பர் மரத்தில் முட்டி நின்றது.

டிரைவர் ஜெனில் கதவைத் திறந்து இறங்கினான்.

"நான் சவுட்டினேன்... சத்தியமாட்டு சவுட்டினேன்..."

பிரேக்கை மிதித்ததைத்தான் சொன்னான். கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

முதலாளி வினீத் ஓடி வந்தார். பேட்டரி தீப்பிடிக்கும், யாரும் கிட்ட வராதீர்கள் என்று எல்லாரையும் விலக்கிவிட்டு, லாரிக்குள் குனிந்து எதையோ அணைத்தார். இப்படி ஒரு நேரத்திலும் என்ன நிதானம் என்று வாட்ச்மேன் அன்று முழுவதும் வியந்துகொண்டிருந்தார்.

நிதானம்தான்!

போலீஸ் வந்தது. முந்தின நாள் செருப்புப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியதற்காகத் தாணு ஜெனிலைத் திட்டியதையும், 'ஒருநாளு நான் ஆருண்ணு காட்டுதேன்' என்று அவன் முணுமுணுத்ததையும் பத்துப் பேர் போட்டி போட்டுச் சொன்னார்கள்.

ஜெனில் ஜீப்பில் ஏறினான்.

அந்த நேரத்தில் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்துகொண்டிருந்த டெல்னாவின் போன் அடித்தது.

டெல்னா அந்தக் கம்பெனியின் டெஸ்ட் எஞ்சினியர். கோட்டுகால் கடற்கரையில் ஒரு குடும்பத்திலிருந்து முதன்முதலில் டிகிரி வாங்கியவள். அந்த டிகிரியை ஊரே தன் பொதுச் சொத்தாகக் கருதியது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து போனில் படம் அழிப்பது வரை அவள்தான் பார்க்க வேண்டும். சித்தி மேரிக்குட்டியின் மகன் ஜெனிலுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். வள்ளத்தில் கடலுக்குப் போனால் செத்துவிடுவான் என்று சித்தி அழுததால், கரையிலேயே ஒரு வேலை. பத்திரமான வேலை!

"டெல்னா, எனக்க பிள்ளைய போலீசு கொண்டு போச்சு."

சித்தியின் குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கடலு தின்னாம வச்சிருந்தேன். நீ கூட்டிட்டுப் போய் கரையில கொடுத்தே. அவன் வராம நீ இந்த முற்றத்துல கால வைக்கப்பிடாது, கேட்டியா?"

போன் கட்டாகிவிட்டது.

டெல்னா கையிலிருந்த காலிப் பையைப் பார்த்தாள். காலையில் வினீத்தான் அனுப்பினார். நெய்யாற்றின்கரை கூரியர் ஆபீசில் ஒரு பார்சல் வந்திருக்கிறது, போய் வாங்கி வா என்று. போனாள். அப்படி ஒரு பார்சலே இல்லை என்றார்கள்.

வீணாகப்போன காலை என்று எரிச்சல்பட்டாள்.

வீணாகவில்லை... யாரோ அதை நன்றாகவே பயன்படுத்தியிருந்தார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஷீனா இருந்தார். நாற்பது வயது, குரலில் அவசரம் இல்லாத பெண். பார்க்க ஐந்து நிமிடம் தந்தார்.

ஜெனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீயாவது நம்பு. பிரேக்கு கல்லு போல கெடந்து. கால் நொந்து போச்சு. வண்டிக்கு ஒரு விசயமும் தெரியல்ல. அது பாட்டுக்குப் போச்சு."

"தாணு சாரு ஏன்லே நடுரோட்டுல நிண்ணாரு? சைடுலல்லா நிப்பாரு எப்பவும்?"

"வினீத் சாருதான் நிக்கச் சொன்னாரு. பணம் போடுற ஆளுவளுக்குக் காட்ட வீடியோ எடுக்கணுமாம். வண்டிக்க முகம் நேரா வரணுமாம்."

டெல்னா வெளியே வந்ததும் எஸ்.ஐ. சொன்னார். வண்டியின் மூளைப் பெட்டியைச் சீல் வைத்து எடுத்திருக்கிறார்கள். கடைசி ஓட்டம் முழுவதும் அதில் பதிவாகியிருக்கும் என்று வினீத் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் லேபில் வைத்துப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவள் டெல்னா மட்டும்தான்.

"மோளே, அவன் ஒனக்க தம்பி. அதனால நானும் பக்கத்துல இருப்பேன். பெட்டி என்ன சொல்லுதோ அதுதான் கேஸ். செரியா?"

பெட்டி என்ன சொல்கிறதோ அதுதான்!

கம்பெனி வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பேழை உண்டு. உள்ளே நீல வெல்வெட் துணி, சுற்றிலும் மினுக்கு விளக்கு, நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியப் பெட்டி. எஸ்.ஐ. ஷீனா அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு டீ குடித்தார். இது என்ன என்று கேட்டார்.

"எங்க கம்பெனியோட ஹார்ட், மேடம்," என்றார் வினீத். கண் கலங்கியிருந்தது. "தாணு சார் போனப்புறம், இனி இதுதான் மிச்சம்."

பிறகு டெல்னாவின் தோளைத் தட்டி, இவள் நம் லோக்கல் டேலன்ட், கடற்கரையிலிருந்து வந்த பெண் என்று அறிமுகப்படுத்தினார். நாயைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியவர் நாயை அறிமுகப்படுத்துவது மாதிரி. இரண்டு வருடமாக எல்லா விருந்தாளிகளிடமும் இதே வரிதான். டெல்னா பல்லைக் கடித்தாள்.

லேப்.

நடுவில் சிமுலேட்டர். ஆள் உயர அலமாரி, உள்ளே கம்பிகள். எஸ்.ஐ.க்குப் புரியும்படி டெல்னா சுருக்கமாகச் சொன்னாள். லாரியை ஓட்டுவது டிரைவர் மட்டுமில்லை, இந்த மூளைப் பெட்டியும்தான். பிரேக்கை மிதித்தால் அந்தச் செய்தி பெட்டிக்குப் போய், அதுதான் சக்கரத்தை நிறுத்துகிறது. புதுப் பெட்டியை நேராக லாரியில் மாட்டினால் ஆள் செத்துப்போகலாம். அதனால் முதலில் இந்தச் சிமுலேட்டரில் மாட்டுவார்கள். இது பெட்டிக்குக் கனவு காட்டும் யந்திரம். நீ லாரியில் இருக்கிறாய், சக்கரம் சுற்றுகிறது, மழை பெய்கிறது, நாய் குறுக்கே வருகிறது என்று கம்பி வழியாகச் சொல்லும். பெட்டி அப்படியே நம்பும். தான் மேசையில் கிடப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

"அப்போ இது?" எஸ்.ஐ. ஷெல்ஃபில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

"அதுக்குப் பேரு சாத்தான், மேடம். நான் வச்ச பேரு. ஓடிட்டிருக்கும்போ ஒரு கம்பிய அறுத்தாப்புல செய்யும். அப்போ மூளை என்ன செய்யுதுண்ணு பாக்கதுக்கு. தூர நிண்ணே ரிமோட்டுல அமுக்கலாம்."

சாத்தானின் வயரில் செம்மண் ஒட்டியிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் ஏசி ரூமில் செம்மண்! எவன் இப்படி அழுக்குப் பண்ணினான் என்று நினைத்துக்கொண்டே டெல்னா சீலை உடைத்துப் பெட்டியை மாட்டினாள்.

திரையில் கோடுகள் ஓடின.

ஆக்ஸிலேட்டர்... முழுசாக மிதிக்கப்பட்டிருந்தது.

பிரேக்... பூஜ்யம். தொடவே இல்லை.

வினீத் பெருமூச்சு விட்டார். அவன் சின்னப் பையன், கோபத்தில் செய்துவிட்டான், நானே நல்ல வக்கீல் வைக்கிறேன் என்றார்.

"ஆனா பெட்டி பொய் சொல்லாது, மேடம்."

எஸ்.ஐ. பாவமாக டெல்னாவைப் பார்த்தார். அவளுக்குச் சித்தியின் முற்றம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்போதுதான் கீழே ஓடிய மூன்றாவது கோடு கண்ணில் பட்டது.

குலுக்கலைப் பதியும் கோடு அது. வண்டி தூக்கிப் போட்டால் கோடும் தூக்கிப் போடும். இப்போது அது, இஸ்திரி போட்ட வேட்டிக் கரை மாதிரி நேராக ஓடியது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு சின்ன நெளிவு கிடையாது.

டெல்னா நிமிர்ந்தாள்.

"மேடம், நீங்க பின்னால உள்ள ரோட்டுல ஜீப்புல போனியளா?"

"போனேன். எனக்க இடுப்பு ஒடிஞ்சு போச்சு. குடிதண்ணி பைப்புக்குத் தோண்டி மூடாம விட்ட குழியாக்கும்."

"வண்டியும் அந்தக் குழியத் தாண்டித்தானே போயிருக்கணும்? இந்தப் பெட்டி ஒரு குழியும் காணல்ல. இது போன ரோட்டுல ஒரு எறும்புப் புற்றுகூட இல்ல."

டெல்னாவுக்கு அந்தச் சாலை நினைவுக்கு வந்தது.

சென்ற மாதம் வினீத் அவளிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். பணம் போட வருபவர்கள் முன்னால் சிமுலேட்டரை ஓட்டிக் காட்ட வேண்டும், ஆனால் தனக்கு ஒன்றும் தெரியாது, ஒரே பட்டனாகச் செய்து கொடு என்று. வேகம் என்ன, எந்தப் பெடல் எவ்வளவு என்று நகர்த்தினால் போதும், மிச்சம் தானாக ஓட வேண்டும். டெல்னா செய்தாள். சாலையில் தனுவச்சபுரத்துக் குழிகளையும் அளந்து போட்டாள். வினீத் பதறிவிட்டார். வண்டி குலுங்கினால் எவன் பணம் போடுவான், சாலையைக் கண்ணாடி மாதிரி ஆக்கு என்றார்.

ஆக்கினாள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அப்படி ஒரு சாலை, அந்தப் பட்டனுக்குள் மட்டும்தான் இருந்தது!

"இந்தப் பெட்டி லாரியில ஏறினதே இல்ல," என்றாள் டெல்னா. "இது இஞ்ச மேசையில கெடந்து கனவு கண்ட பெட்டியாக்கும். நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து, எனக்க பட்டன எவனோ அமுக்கி ஓட்டியிருக்கான். பொறவு ஒறிஜினல எடுத்துட்டு இத வச்சிருக்கான். பெட்டிக்க நம்பர் ஸ்டிக்கரயும் மாத்தி ஒட்டிட்டு."

வினீத் சிரித்தார். நிதானமான சிரிப்பு.

"குலுக்கல் சென்சார் கேடாயிருக்கும். டெல்னா, வெறுதே டென்ஷன் ஆகண்டா. தம்பின்னா பாசம் இருக்கும். எனக்குப் புரியுது."

எஸ்.ஐ. டெல்னாவை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நீ சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் கோர்ட்டில் போய்க் குழியைக் காட்ட முடியாது, ஒறிஜினல் பெட்டி வேண்டும் என்றார். இந்நேரம் அதை உடைத்துக் குளத்தில் போட்டிருப்பான் என்றும் சொன்னார்.

"போடமாட்டாரு," என்றாள் டெல்னா. "வண்டிய ஓட வைக்க தாணு சாரு கடைசியாட்டு செஞ்ச வேலையெல்லாம் அந்த ஒரு பெட்டியில மட்டுந்தான் இருக்கு. காப்பி எடுக்கதுக்குள்ள ஆளு போயாச்சு. மத்த பெட்டியள் மேசையில கனவுல ஓடும், ரோட்டுல ஒரு அடி நகராது. அடுத்த வாரம் பணம் போடுறவனுவ வாறானுவ."

தாணுவை வேண்டாம் என்றவருக்குத் தாணுவின் வேலை வேண்டியிருந்தது.

"எங்க இருக்கும்ணு தெரியுமோ?"

"தெரியாது. அவருக்குத் தெரியும்லா? அவர வச்சே தேடலாம்." டெல்னா குரலைத் தாழ்த்தினாள். "பெட்டிக்குக் கனவு காட்டுக மாதிரி அவருக்கும் ஒண்ணு காட்டுவோம், மேடம். நான் ஒரு பொய் சொல்லுவேன். நீங்க தலைய மட்டும் ஆட்டணும்."

எஸ்.ஐ. ஷீனா தொப்பியைச் சரிசெய்தார். இருபது வருட சர்வீஸில் இப்படி ஒரு உத்தரவை அவர் யாரிடமும் வாங்கியதில்லை.

பத்து நிமிடத்தில் லேபின் பெரிய திரையில் ஒரு வரைபடம் வந்தது. செங்கல், பாறசாலை, தனுவச்சபுரம்... எல்லாவற்றையும் வளைத்து ஒரு சிவப்பு வட்டம். மினுங்கிக்கொண்டிருந்தது.

டெல்னா யாரையும் பார்க்காமல், விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே விவரித்தாள். ஒவ்வொரு மூளைப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் உண்டு, கழற்றி வைத்தாலும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும். போலீஸ் சாட்டிலைட் அதைப் பிடித்துவிட்டது. வட்டம் சுருங்கச் சுருங்க இடம் தெரியும்.

எஸ்.ஐ. தலையை ஆட்டினார். மிக நன்றாகவே ஆட்டினார்.

வினீத் திரையைப் பார்த்தார்.

வட்டம் சுருங்கியது... செங்கல் வெளியே போனது.

இன்னும் சுருங்கியது... பாறசாலை வெளியே போனது.

தனுவச்சபுரம் மட்டும் மிஞ்சியது. பஸ் ஸ்டாப், காலேஜ், கம்பெனி. தவறான இடத்தில் சுருக்கிவிட்டால் அவர் முகத்தில் நிம்மதி வந்துவிடும். விளையாட்டு முடிந்துவிடும். கையை நிறுத்திவிட்டு, ஓரக்கண்ணால் அவர் நெற்றியைப் பார்த்தாள்.

ஏசி ரூமில் நெற்றி பளபளத்தது!

இன்னும் ஒரு சுற்று சுருக்கினாள்.

"ஒரு டீ சொல்லிட்டு வாறேன்," என்றார் வினீத். எழுந்தார். இரண்டு வருடத்தில் அவர் யாருக்கும் டீ சொன்னதில்லை.

கதவு மூடியது.

டெல்னாவும் எஸ்.ஐ.யும் செருப்பில்லாத காலோடு பின்னால் போனார்கள். வாசல் பக்கம் போவார், காருக்குப் போவார், பின்பக்கத் தோட்டத்துக்குப் போவார் என்று டெல்னா எதிர்பார்த்தாள்.

வினீத் எங்கும் போகவில்லை.

வரவேற்பறையின் நடுவில் நின்று, மினுக்கு விளக்குகளுக்கு நடுவே, கண்ணாடிப் பேழைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

வழக்கமாக அங்கே இருந்தது, காட்சிக்கு வைத்த ஒரு காலி டப்பா. இன்று மத்தியானத்திலிருந்து அது காலி இல்லை!

"ஹார்ட்டுல கை வச்சிட்டியளே, சாரே," என்றார் எஸ்.ஐ. ஷீனா. அவர் குரலில் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. அந்தப் பேழைமேல்தானே முழங்கையை ஊன்றி டீ குடித்திருந்தார்.

ஒறிஜினல் பெட்டி மேசைக்கு வந்தது. கோடுகள் ஓடின.

குலுக்கல் கோடு துள்ளியது. ஒவ்வொரு குழியும், மூடாத ஒவ்வொரு பள்ளமும், குதித்துக் குதித்துத் தன் வருகையைப் பதிவு செய்திருந்தது. டெல்னாவுக்குச் சாலையையே பார்ப்பது போலிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குழிகள்மேல் அவளுக்குப் பாசம் வந்தது.

முதலில் பிரேக் முழுசாக மிதிக்கப்பட்டு, லாரி வேகம் குறையத் தொடங்கியிருந்தது. ஜெனில் சவுட்டியிருக்கிறான்.

அதற்கு அடுத்த நொடியில் ஒரு சிவப்பு வரி. பிரேக் கம்பி துண்டிப்பு. அதன் பிறகு பெட்டிக்கு எதுவும் கேட்கவில்லை. லாரி அது பாட்டுக்குப் போயிருக்கிறது.

டெல்னா திரும்பி ஷெல்ஃபைப் பார்த்தாள். சாத்தான். அதன் வயரில் செம்மண்.

இப்போது புரிந்தது.

சென்ற வாரம் சிமுலேட்டரில் சாத்தானை மாட்டிப் பிரேக் கம்பியை அறுத்துப் பார்த்தபோது தாணுவின் முகம் வெளுத்தது. கம்பி அறுந்தால் மூளை தானாக வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. சிமுலேட்டரில் இருந்த கனவு லாரி ஒரு கனவுச் சுவரில் மோதியது. இதைச் சரி செய்யாமல் ஒரு வண்டியையும் வெளியே விட முடியாது, பணம் போட வருபவர்களிடமும் சொல்லிவிடுவேன் என்று தாணு சொன்னார். அப்படி ஒரு குறையே கிடையாது, உங்களுக்கு வயசாகிவிட்டது என்று எல்லார் முன்னிலும் வினீத் சிரித்தார். டெல்னாவும் அங்கேதான் இருந்தாள்.

"லாரி சீட்டுக்கு அடியில சாத்தான மாட்டியிருக்காரு, மேடம்," என்றாள். "தாணு சார நடுரோட்டுல நிக்க வச்சு, தூர நிண்ணு ரிமோட்ட அமுக்கியிருக்காரு. பேட்டரிய ஆஃப் பண்ணுகேன்னு குனிஞ்சப்போ பெட்டியையும் மாத்தி, சாத்தானையும் எடுத்தாச்சு. நான் இஞ்ச இருந்தா காலத்தே சாத்தானக் காணலையேண்ணு தேடியிருப்பேன். அதுக்காக்கும் இல்லாத பார்சலுக்கு என்னை அனுப்பினது."

எஸ்.ஐ. ஷீனா வினீத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தக் குறை இல்லேண்ணு பறஞ்சது நீங்கதானே?"

வாயைத் திறந்தது டெல்னாதான். இரண்டு வருடமாக மூடி வைத்திருந்த வாய்.

"எஞ்சினியர்மாரு, பார்ட்னர்மாரு, ஒருத்தரும் தாணு சாரு சொன்னத நம்பல்ல, மேடம். முழுசா நம்பினது ஒரே ஆளுதான். உயிர எடுக்குற அளவுக்கு நம்பினாரு."

வினீத் ஜீப்பில் ஏறினார். ஏறும்போது எஸ்.ஐ. அவரிடம் டெல்னாவைக் காட்டி, இவள் லோக்கல் டேலன்ட், கடற்கரையிலிருந்து வந்த பெண் என்று அறிமுகப்படுத்தினார்.

ஜீப் கிளம்பும் முன் எஸ்.ஐ. ஒரு சந்தேகம் கேட்டார். பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சிம்மை எந்தச் சாட்டிலைட் பிடித்தது?

"எந்த சிம்மு மேடம்? காலேஜ் செமினாருக்குப் படம் போடுவோம்லா, அதுல ஒரு வட்டம் வரைஞ்சேன். மவுசப் பிடிச்சு மெல்ல மெல்ல சின்னதாக்கினேன்."

எஸ்.ஐ. மறுபடியும் தலையை ஆட்டினார், இந்த முறை யாரும் சொல்லாமலே.

மறுநாள் ஜெனில் வெளியே வந்தான். மேரிக்குட்டி முற்றத்தில் நின்றபடி டெல்னாவிடம், வெயிலில் நிற்காதே, உள்ளே வா என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் அந்தக் கடற்கரையில் அதைவிட நீளமாக யாரும் கேட்பதில்லை. மீன் குழம்பு இருந்தது. இனி வள்ளத்துக்கே போகிறேன், கடல் நேராக நின்று கொல்லும் என்று ஜெனில் சொன்னதற்கு மட்டும் சித்தி அகப்பையை ஓங்கினாள்.

சாப்பிட்டு முடித்து, தாணுவின் மனைவி விஜயம்மாவைப் பார்க்க இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். அவருக்கு யாராவது உண்மையை நேரில் சொல்ல வேண்டும். குறுக்கு வழி என்று ஜெனில் கம்பெனியின் பின்பக்கச் சாலையில் திருப்பினான். முதல் பள்ளத்திலேயே இருவரும் ஒரு முழம் மேலே எழும்பி இறங்கினார்கள்.

"எக்கா, இந்தக் குழியள மூடச் சொல்லி பஞ்சாயத்துல ஒரு மனு குடுத்தா என்ன? நீ படிச்சவள்லா?"

டெல்னா பின் சீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கேஸ் முடியுவரை ஒரு சட்டி மண்ணுகூட போடப்பிடாது, எலே. அரசு தரப்பு சாட்சியாக்கும்."